எறும்பின் இடுப்பும் எட்டுக் கிலோப் பையும்

கோயில் வாசலில் நிற்கும் யானையைப் படம் பிடிக்க ஒரு கைப்பேசி போதும் என்பதும், அந்த யானையின் காதோரம் உட்கார்ந்திருக்கும் ஈயைப் படம் பிடிக்க விரும்புபவருக்கு இரண்டு லென்ஸ், மூன்று வளையம், ஒரு ஃபிளாஷ், அதற்கொரு தாங்கி, முழங்காலுக்கு ஒரு மெத்தை, இவற்றையெல்லாம் திணிக்க ஒரு முதுகுப்பை, அந்தப் பையைச் சுமந்ததால் வந்த இடுப்புவலிக்கு ஒரு தைலம் ஆகியவை வேண்டும் என்பதும் ஒளிப்படக்கலையில் இதுவரை எவரும் மறுக்காத உண்மைகள் ஆகும். பொருள் சிறுக்கச் சிறுக்கச் சாமான் பெருக்கும் என்னும் இந்தத் தலைகீழ் விகிதம் எந்த இயற்பியல் பாடநூலிலும் இடம்பெறவில்லை. ஆயினும் மேக்ரோ ஒளிப்படக்காரர் ஒருவரோடு ஒரே வீட்டில் குடியிருப்போர், அலமாரியில் தமக்கிருந்த தட்டுகள் ஒவ்வொன்றாகப் பறிபோன வரலாற்றைக் கொண்டே அதை மெய்ப்பித்துவிடுவர்.

மேக்ரோ என்பது, பொருள் எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில் அதன் பிம்பம் கேமராவின் சென்சார் மீது விழுமாறு எடுக்கும் படத்தைக் குறிக்கும். இதனை ஒன்றுக்கு ஒன்று, அதாவது 1:1 உருப்பெருக்கம் என்பர். முழுச்சட்டகக் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது என்பதால், மாமரத்து இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு என்னும் செவ்வெறும்பு, சுமார் ஒரு செ.மீ. நீளமே உடையதாகையால், 1:1 அளவில் படத்தின் அகலத்தில் கால் பங்குக்குச் சற்று மேலாக மட்டுமே இடம்பிடிக்கும். சாதாரண ஜூம் லென்ஸ்கள் பலவற்றின் கழுத்தில் 'மேக்ரோ' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம் எனினும், அவை பெரும்பாலும் 1:4 அல்லது 1:3 அளவோடு நின்றுவிடுபவை. அந்தச் சொல்லை லென்ஸின் ஆற்றலைச் சொல்வதாகக் கொள்ளாமல், விற்பவரின் நம்பிக்கையைச் சொல்வதாகக் கொள்வதே தகும்.

இக்கருவிகளின் வரலாற்றைப் புரட்டினால், பிற்காலத்துத் துன்பங்கள் அனைத்துக்கும் காரணம் தெளிவாகிவிடுகிறது. 1955இல் ஹைன்ஸ் கில்ஃபிட் உருவாக்கிய 40 மி.மீ. மேக்ரோ கிலார், கூடுதல் இணைப்பு எதுவுமின்றித் தொலைவிலிருந்து நெருக்கம் வரை தானே குவியும் முதல் மேக்ரோ லென்ஸ் என்று கருதப்படுகிறது. அடுத்த ஆண்டில் நிக்கான் நிறுவனம் வெளியிட்ட 5 செ.மீ. மைக்ரோ நிக்கோர், நெருக்கமான கோடுகளால் ஆன ஜப்பானிய எழுத்துகளை மைக்ரோஃபிலிமில் சிதைவின்றிப் படியெடுப்பதற்காகப் பிறந்தது. லென்ஸைச் சுற்றி வட்டமாக ஒளிரும் ரிங் ஃபிளாஷை 1952இல் லெஸ்டர் டைன் வடிவமைத்தது பல் மருத்துவர்கள் கடைவாய்ப் பல்லைப் படம் எடுப்பதற்காக. நூலகத்தில் திறந்து வைத்த பக்கம் பறந்து போவதில்லை. பல்லும், ஆட்டம் காணாத வரையில், இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக, இத்துறையின் முதன்மையான கருவிகள் அசையாத பொருள்களுக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை எடுத்துக்கொண்டு போய்த் தும்பியின் முன் நீட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். கருவி செய்தவரோ பொறுப்பில்லை, தும்பியோ பொறுப்பில்லை.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்னும் ஊரில் வாழ்ந்த விவசாயி வில்சன் பென்ட்லி, துருத்திபோல் நீளும் பெல்லோஸ் கேமராவை நுண்ணோக்கியோடு பொருத்தி 1885 ஜனவரி 15 அன்று ஒரு பனித்துகளைப் படம் பிடித்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பனித்துகள்களை எடுத்தார். அவருடைய பொருளும் பறக்கவில்லை என்றாலும் உருகியது. மூச்சுக்காற்று பட்டாலே போய்விடும் என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டு, பறவையின் இறகால் துகளை மெல்ல நகர்த்தி வேலை செய்தார். இன்றைய மேக்ரோக்காரரும் மூச்சை அடக்குபவரே. ஆனால் அவர் பெரும்பாலும் அதைச் செய்வது விலைப்பட்டியலைப் பார்க்கும்போதுதான்.

மேக்ரோ லென்ஸ்கள் ஏறத்தாழ 60, 100, 200 மி.மீ. குவியத்தூரங்களில் கிடைக்கின்றன. மூன்றும் 1:1 பெருக்கத்தையே தரும் என்னும்போது, மூன்று விலை எதற்கு என்னும் நியாயமான ஐயம் எழும். விடை, வேலைத்தூரம் என்பதில் இருக்கிறது. அதாவது, குவிந்த நிலையில் லென்ஸின் முகப்புக்கும் பூச்சிக்கும் நடுவே எஞ்சும் இடைவெளி. 100 மி.மீ. லென்ஸின் பெட்டியில் மிகக் குறைந்த தூரம் 30 செ.மீ. என்று போட்டிருக்கும், அந்தக் கணக்கு சென்சாரிலிருந்து தொடங்குவதாகையால், லென்ஸின் நீளத்தைக் கழித்த பின் மிஞ்சுவது ஒரு சாணுக்கும் குறைவு. 60 மி.மீ. லென்ஸில் அதுவும் சுருங்கி, லென்ஸின் நிழலே பூச்சியின்மேல் விழும். 200 மி.மீ. லென்ஸ், பூச்சிக்கு உரிய மரியாதையான தொலைவைக் காத்தாலும், எடையிலும் விலையிலும் அம்மரியாதையை ஈடுகட்டிவிடுகிறது. பலரும் நடுவிலுள்ளதையே வாங்குகின்றனர். 2006இல் நிக்கானின் 105 மி.மீ. லென்ஸும் 2009இல் கேனனின் 100 மி.மீ. லென்ஸும் கைநடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்போடு வந்தன. எனினும் நெருங்க நெருங்க அவ்வமைப்பின் பலன் குறையும் என்பதையும், இலையை ஆட்டும் காற்றுக்கு அது எந்த மருந்தும் வைத்திருக்கவில்லை என்பதையும் வாங்கியவர்கள் அன்று மாலையே கண்டுகொண்டனர்.

செலவைக் குறைக்க மூன்று குறுக்குவழிகள் உண்டு. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே பொருத்தும் எக்ஸ்டென்ஷன் டியூப் என்னும் வெற்றுக் குழாய் அவற்றுள் ஒன்று. குழாயின் நீளத்தைக் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பது கூடுதல் பெருக்கம் என்பதால், 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. குழாய் மாட்டினால் 1:1 வந்துவிடும். குழாயினுள் கண்ணாடி எதுவும் கிடையாது. உள்ளே இருப்பது காற்று. பெட்டி, உறை, உத்தரவாதச் சீட்டு ஆகியவற்றுடன் காற்றை விலைக்கு வாங்கி, அதன் தரத்தை நண்பர்களிடம் மெச்சிப் பேசும் வழக்கம் வேறெந்தத் துறையிலும் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டாவது வழி, லென்ஸையே தலைகீழாகத் திருப்பி ரிவர்ஸ் ரிங் என்னும் வளையத்தால் மாட்டுவது. அப்போது கேமராவுக்கும் லென்ஸுக்கும் பேச்சுவார்த்தை முறிந்து, அப்பர்ச்சர் எனப்படும் ஒளித்துளையைக் கேமராவிலிருந்து கட்டுப்படுத்த முடியாமல் போவதால், துளையை விரலால் திருகும் வளையமுள்ள பழைய ஃபிலிம் காலத்து லென்ஸ்களுக்குத் திடீர் மவுசு வந்துவிடுகிறது. மாமனார் வீட்டுப் பரணில் கிடந்த கேமராப் பையைப் பற்றி மருமகன் அக்கறையோடு விசாரிக்கத் தொடங்கினால், காரணம் பெரும்பாலும் இதுவே. மூன்றாவதும் இக்கட்டுரையின் கருத்தில் முதன்மையானதும், லென்ஸின் முகப்பில் கவ்விக்கொள்ளும் குவிலென்ஸ் ஆகும். ரேனாக்ஸ் டிசிஆர் 250 என்பது இவ்வகையில் பெயர்பெற்றது. லென்ஸுக்குப் போட்ட வெள்ளெழுத்துக் கண்ணாடி போன்ற இதன் திறன் 8 டயாப்டர், அதாவது குவியத்தூரம் மீட்டரில் எட்டில் ஒரு பங்கான 12.5 செ.மீ. இதை மேக்ரோ லென்ஸ் மீதே மாட்டினால் இரண்டு மடங்குப் பெருக்கமும் கைகூடும். சட்டைப்பையில் அடங்கிவிடுவதால், வீட்டுக்குள் கொண்டுவருவதில் பிற கருவிகளுக்கு நேரும் விசாரணைக்கு இது ஆளாவதில்லை.

குறுக்குவழியில் மனம் நிறையாதவர்களின் கடைசிப் புகலிடமாக, கேனன் 1999இல் எம்பிஇ 65 என்னும் லென்ஸை வெளியிட்டது. ஒரு மடங்கில் தொடங்கி ஐந்து மடங்கு வரை பெருக்கிக் காட்டும் இந்த லென்ஸில் தானியங்கிக் குவிப்பு கிடையாது. தொலைவில் உள்ள எதன்மீதும் குவியவும் குவியாது. மலையோ கடலோ மனிதரோ இதற்குப் புலப்படமாட்டார்கள். ஐந்து மடங்கில் இதன் முகப்பிலிருந்து சுமார் 4 செ.மீ. தொலைவில் இருப்பது மட்டுமே இதன் உலகம். துளையை எஃப்/2.8 என்று முழுதாகத் திறந்து வைத்தால், அந்நிலையில் படத்தில் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் சுமார் 0.05 மி.மீ.; தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் அது அடங்கிவிடும். எறும்பின் கண்ணில் குவித்தால் கொம்பு மங்கும், கொம்பில் குவித்தால் கண் மங்கும். கேமராவைப் பிடித்திருப்பவரின் நாடித்துடிப்பே குவியத்தை எறும்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கொண்டு போய்விடும்.

இங்கிருந்துதான் சாமான் குட்டி போடத் தொடங்குகிறது. தெளிவின் ஆழத்தைக் கூட்டத் துளையைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது. போதாக்குறைக்கு, பெருக்கம் கூடும்போது துளையின் பயனுறு அளவும் சுருங்குகிறது: எஃப் எண்ணைப் பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் பெருக்க வேண்டும் என்பதால், 1:1இல் எஃப்/16 என்பது நடைமுறையில் எஃப்/32 ஆகவும், ஐந்து மடங்கில் எஃப்/96 ஆகவும் ஆகிவிடும். அத்தனை சிறிய துளையில் ஒளி ஓரங்களில் வளைந்து பரவும் விளிம்பு விளைவு தலைகாட்டி, ஆழம் கூடிய படம் முழுவதையும் சமமாக மங்கலாக்குகிறது. இருட்டைப் போக்க ஃபிளாஷ் வாங்கப்படுகிறது. அது ஒருவகையில் வரப்பிரசாதமே, ஏனெனில் குறைந்த விசையில் எரியும் ஃபிளாஷின் ஒளி ஒரு நொடியில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிப்பதால் கைநடுக்கமும் காற்றும் படத்தில் பதிவதில்லை. ஆனால் பளபளப்பான வண்டின் முதுகில் ஃபிளாஷின் விளக்கு அப்படியே வெள்ளைப் பொட்டாகத் தெரியும். ஆகவே ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் தேவைப்படுகிறது.

இந்த இடத்தில் இத்துறையின் வேடிக்கையான நியாயம் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். சம்பளத்தில் பாதியைக் கொட்டி வாங்கிய லென்ஸின் முனையில், கழுவிக் காயவைத்த பால் உறையையோ, சிப்ஸ் டப்பாவையோ, தெர்மோகோல் துண்டையோ ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு திரிபவர்களே இத்துறையின் தேர்ந்த கைகள். படத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில் லென்ஸுக்கு உள்ள பங்கைவிட அந்தப் பால் உறைக்கு உள்ள பங்கு பெரிது என்பதே இக்கட்டுரையின் துணிபு. இன்று விற்பனையில் இருக்கும் 1:1 மேக்ரோ லென்ஸ்களில் படத்தைக் கெடுக்கும் அளவுக்கு மோசமானதைத் தேடிப் பிடிப்பது அரிது, மோசமான வெளிச்சமோ தேடாமலே கிடைக்கிறது. ஆனால் பால் உறையைப் பற்றி வெகுநேரம் பேசமுடியாது என்பதால், இருவர் சந்தித்தால் லென்ஸைப் பற்றியே பேசுகின்றனர்.

ஆழம் இன்னும் போதவில்லை என்போர்க்கு ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்னும் அடுக்குமுறை உண்டு. குவியத்தை இம்மியளவாக நகர்த்திப் பல படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக உள்ள பகுதியை மட்டும் ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்களால் ஒன்று சேர்ப்பதே இம்முறை. பிரிட்டன் ஒளிப்படக் கலைஞர் லெவான் பிஸ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சி மாதிரிகளை எடுத்த 'மைக்ரோஸ்கல்ப்சர்' வரிசையில், ஒரு பூச்சிக்கு எண்ணாயிரம் முதல் பத்தாயிரம் படங்கள் வரை எடுத்துச் சேர்த்தார். அந்தப் பூச்சிகள் ஊசியில் குத்திப் பதப்படுத்தப்பட்டவை என்பதையும், நூலகப் பக்கம், பல் ஆகியவற்றின் வரிசையில் அவையும் சேர்பவை என்பதையும் வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். உயிருள்ள எறும்பு பத்துப் படங்களுக்குள் தலையைத் திருப்பிவிடும். மென்பொருளோ கடமை தவறாமல் எல்லாவற்றையும் சேர்த்து, ஆறு கொம்புள்ள எறும்பொன்றைப் படைத்துக் கொடுக்கும்.

இதற்கு அஞ்சிச் சிலர் பூச்சியை டப்பாவிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விறைக்கச் செய்வதுண்டு. பூச்சிக்கு இழைக்கும் கொடுமை என்னும் காரணத்தாலேயே இது கண்டிக்கத்தக்கது; இட்லிமாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் காண்டாமிருக வண்டைக் கண்டெடுக்கும் இல்லத்தார் கண்டிக்கும் காரணம் வேறு. செலவில்லாத மாற்றுவழி விடியற்காலை எழுவது. பூச்சிகள் குளிர்ரத்தப் பிராணிகளாகையால், வெயில் ஏறும் வரை உடல் சூடேறாமல், பனித்துளி போர்த்தியபடி இலையில் அசையாது இருக்கும். ஆக, இத்தனை கருவிகளாலும் வாங்க முடியாத அசையாமையை ஓர் அலாரக் கடிகாரம் வாங்கித் தருகிறது. எனினும், இருட்டு பிரியாத நேரத்தில் பிறர் வீட்டு வேலியோரம் குப்புறப் படுத்து வெளிச்சம் மின்னச் செய்யும் ஒருவர், தாம் செய்துகொண்டிருப்பது பூச்சியியல் என்பதைத் தெருநாய்க்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே நேரத்தில் விளக்க வேண்டிய நிலை வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவ்வளவு பாடுபடுவதில் பயன் இல்லாமலில்லை. மாமரத்து முசுறுகளுக்கு நடுவே, அவற்றைப் போலவே சிவந்த உடலும் ஒடுங்கிய இடையும் கொண்டு, முன்னங்கால் இரண்டையும் கொம்புகளாகத் தூக்கி ஆட்டியபடி நடமாடும் ஒரு தாவும் சிலந்தி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. வெறுங்கண்ணுக்கு அது எறும்பு. 1:1 படத்தைக் கணினியில் விரித்தால் எட்டுக் கண்களும், கொம்பென்று நம்பியவை கால்கள் என்பதும் வெளிப்படும். கடிக்கும் எறும்பென்று எண்ணிப் பல பறவைகளும் பூச்சிகளும் ஒதுங்கிப்போகும் இந்த மாறுவேடத்தைக் கண்டவர், அதுவரை எடுத்த எறும்புப் படங்கள் அனைத்தையும் மீண்டும் திறந்து கால்களை எண்ணத் தொடங்குவார். வீட்டில் அன்று இரவு உணவு ஆறிவிடும்.

கடைசியாக, உறவினர்கள். வீட்டில் பெரிய கேமரா இருக்கும் செய்தி பரவியதும் கல்யாண அழைப்பிதழோடு ஒரு வேண்டுகோளும் சேர்ந்து வரும். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் முகப்படத்துக்கும் ஏற்றதே என்பதால் மறுக்கக் காரணமில்லை. ஆனால் அதன் கூர்மை, பவுடரையும் தாண்டிச் சருமத்தின் ஒவ்வொரு துளையையும் ஆவணப்படுத்திவிடும் என்பதால், அத்தைமார்கள் யாரும் தம் படத்தின் பிரதியைக் கேட்பதில்லை. பழக்கதோஷமும் விடுவதில்லை. முகூர்த்தம் முடிந்து பார்த்தால், மாலையின் ரோஜாவில் ஊர்ந்த அசுவினி மூன்று கோணங்களில் இருக்கும், மஞ்சள் அரிசி ஒன்று பக்கவாட்டு வெளிச்சத்தில் இருக்கும், தாலியின் முடிச்சு மூன்றும் தனித்தனியே 1:1 அளவில் நூலின் முறுக்குத் தெரிய இருக்கும். கட்டியவரின் முகம் மட்டும் எதிலும் இருக்காது.