ஸ்க்ரூடிரைவர் எடுங்கள், சொல்கிறேன்!

மதுரை வாசகர்: ஹால் ஃபேனை ஐந்தில் வைத்தாலும் ஒன்றில் ஓடுவதுபோல் ஓடுகிறது. ஒட்டடைக் குச்சியால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது. புது ஃபேன் வாங்கிவிடலாமா?

குச்சி வைத்தியம் பலிக்கிறது என்றாலே நோய் தெரிந்துவிட்டது. மெயினை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் பேரிங்கில் குறையில்லை. கோளாறு கண்டன்சரில்தான்.

ஃபேன் மோட்டாருக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. அதில் ஒன்றுக்குப் போகும் மின்சாரத்தைக் கொஞ்சம் முன்னே நகர்த்தித் தருவது கண்டன்சர். அந்த முன்பின் வித்தியாசம்தான் இறக்கையைக் கிளப்பிச் சுற்ற வைக்கிறது. கண்டன்சர் வலுவிழந்தால் வேகம் குறையும். முழுக்கப் போய்விட்டால் குச்சி வேண்டியிருக்கும். பழையதன் மேல் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். அதே அளவில் கேட்டு வாங்குங்கள், நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கழற்றுமுன் இணைப்பை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெயினை அணைத்த பிறகும் பழைய கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரால் அதன் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். புதியதில் எந்த ஒயரை எந்தப் பக்கம் கொடுத்தாலும் சரியே.

தஞ்சாவூர் வாசகி: சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து ஊற்றினால் எல்லாக் கறையும் போகும் என்கிறார்களே?

நுரை பொங்குவதைப் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். காரமும் அமிலமும் சேர்ந்து ஒன்றையொன்று முறித்துக்கொண்டபின் மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கலந்த தண்ணீர். இரண்டையும் தனித்தனியாக விடுங்கள். குழாயில் படிந்த வெள்ளை உப்புக்கறைக்கு வினிகர் அல்லது எலுமிச்சைத் தோல். எண்ணெய்ப் பிசுக்குக்கு சோடா. பிளீச்சிங் பவுடரோடு மட்டும் வினிகரையோ ஆசிட்டையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். வெளிவருவது குளோரின், நச்சு வாயு.

திருநெல்வேலி வாசகி: பிள்ளைகளின் போன வருட நோட்டுகளில் பாதிப் பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது. பழைய பேப்பர் கடையில் போட மனசு வரவில்லை.

போடவே போடாதீர்கள்! எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. முதல் விதி, பக்கங்களைக் கிழிக்கக் கூடாது. நடுவில் உள்ள பின்னை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் எழுதாத முழுத் தாள்களை மடிப்போடு உருவுங்கள். பதினைந்து இருபது தாள் சேர்ந்ததும் தட்டி நேராக்கி, மடிப்பின்மேல் ஊசியால் மூன்று துளை. மெழுகு தடவிய தடித்த நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே விடுங்கள். மேல்துளை வழியாக உள்ளே, அங்கிருந்து நேரே கீழ்த்துளைக்குப் போய் வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. மேலிருந்து கீழே ஓடும் நீள நூலின் இருபுறமும் நூல்முனைகள் நிற்கும்படி இழுத்து முடிச்சுப் போட்டால், அட்டை கிழிந்தாலும் தையல் விடாது.

அட்டை ஒட்ட மைதா பசை போதும். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்தபிறகே அடுப்பில் வைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டுங்கள். பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது இல்லாமலே செய்யுங்கள். அட்டைக்கு மேலே பழைய பாப்ளின் துணி ஒட்டினால் மிடுக்கு வந்துவிடும். ஒட்டியதை வெயிலில் வைத்தால் அட்டை வளைந்துகொள்ளும். ஆட்டுக்கல் குழவியோ அரிசிப் பாத்திரமோ ஏற்றி ஓரிரவு நிழலில் விடுங்கள்.

சென்னை வாசகர்: பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈரமணல். இந்தக் கூலரில் காய்கறி கெடாதாமே?

தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நைஜீரியாவின் வறண்ட வடக்குப் பகுதியில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் இதைப் பரப்பிப் பெரிய நன்மை செய்தார். உங்கள் ஊர்க் காற்றிலோ ஏற்கெனவே கடல் ஈரம். ஆவியாக இடம் குறைவு, குளிர்ச்சியும் குறைவு. அந்தப் பானையில் கருவேப்பிலைக் கன்று வையுங்கள்.

கரூர் வாசகர்: குக்கரின் சேஃப்டி வால்வு கசிகிறது. எம்-சீல் வைத்து அடைக்கலாமா?

கூடாது, கூடவே கூடாது! தண்ணீர் வற்றிச் சூடு எல்லை மீறும்போது உருகி வழிவிடத்தான் அதில் சீக்கிரம் உருகும் உலோகம் வைத்திருக்கிறார்கள். அதை அடைப்பது உயிரோடு விளையாடுவது. அதே கம்பெனி வால்வையே வாங்கிப் போடுங்கள்.

விழுப்புரம் வாசகர்: பத்து வயதுப் பையன், செல்போனை விடமாட்டேன் என்கிறான். காசு செலவில்லாத பொழுதுபோக்கு ஏதாவது?

தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வாங்கிக் கொடுங்கள். கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா கிராமத்துப் பள்ளிகளுக்காக உருவாக்கிய விளையாட்டு இது. அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குச்சியின் மருந்தை நீங்களே சுரண்டிவிடுங்கள். டியூபை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, இரண்டு முனையிலும் குச்சி செருகினால் அது ஒரு மூட்டு. முதலில் ஒரு சதுரம் செய்யச் சொல்லுங்கள், ஆடும், சாயும். பிறகு முக்கோணம், அசையாது. ரயில் பாலங்களில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்று அவனே உங்களைக் கேட்பான். டியூபின் நடுவில் ஊசியால் குத்தி மூன்றாவது குச்சியைச் செருகக் கற்றுக்கொண்டால் பிரமிடு, வீடு, பாலம் எல்லாம் வரும். பாலத்தின் மேல் எத்தனை பாடப்புத்தகம் நின்றது என்று அவன் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.