பழைய மார்க்கும் புதிய வக்கீலும்

கேள்வி: அமெரிக்காவில் இளநிலைப் படிப்பின் முதல் இரண்டு வருடம் கோட்டை விட்டேன். முதுகலையில் எல்லாம் 'ஏ'. இப்போது சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் பழசு மறைந்துவிடுமா?

பதில்: மறையாது. மார்க் ஷீட்டுக்கு ஞாபகமறதி கிடையாது! விண்ணப்பங்களைத் தொகுத்து அனுப்பும் எல்.எஸ்.ஏ.சி. அமைப்பு, முதல் இளநிலைப் பட்டம் வரைக்குமான மதிப்பெண்ணைத்தான் ஜி.பி.ஏ.வில் சேர்க்கிறது. முதுகலையில் அள்ளிய 'ஏ' எதுவும் அந்தச் சராசரியை அசைக்காது. சேர்ந்த மாணவர்களின் இளநிலை ஜி.பி.ஏ.வையும் எல்சாட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் கல்லூரிகள் வருடாவருடம் வெளியிட்டாக வேண்டும். கல்லூரித் தரவரிசையும் அவற்றைப் பார்க்கிறது. இளநிலை மார்க்கில் கல்லூரிகள் காட்டும் பிடிவாதத்துக்குக் காரணம் அதுதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. 18 வயதில் சறுக்கியவர் இன்று யார் என்பதை முதுகலைதானே சொல்கிறது?

ஆனாலும் முதுகலை மார்க் ஷீட்டும் கோப்போடு போகும், தேர்வுக் குழுவின் கண்ணில் படும். உங்கள் கையில் இருப்பது எல்சாட். 120 முதல் 180 வரை, புத்தம்புது கணக்கு. 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் பகுதி கிடையாது. அதற்கான பழைய கைடு வைத்திருந்தால் எடைக்குப் போட்டுவிடுங்கள்.

விண்ணப்பத்தோடு அரைப் பக்க விளக்கம் இணையுங்கள்: என்ன நடந்தது, எப்போது சரியானது. அழுகை வேண்டாம், பேராசிரியர் மேல் பழியும் வேண்டாம். பரிந்துரைக் கடிதத்தை முதுகலை ஆய்வு வழிகாட்டியிடம் கேளுங்கள். 'நல்ல மாணவர்' என்று முடிக்காமல், ஆய்வேட்டில் எந்த வாதத்தை எப்படி உடைத்துத் திருப்பிக் கட்டினீர்கள் என்று அவர் எழுதட்டும்.