கல்லாவுக்கும் கைகழுவுற இடத்துக்கும் நடுவுல

வா தம்பி, உக்காரு. ஓட்டல்ல டிப்ஸ் வைக்காம, மானமும் போகாம வெளியே வர்றது எப்படின்னுதானே கேட்ட? சரியான ஆளைத்தான் புடிச்சிருக்க. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுலேருந்து சிதம்பரம் கீழவீதி வரைக்கும் நான் கை நனைக்காத ஓட்டல் இல்ல. இந்த வித்தையில கரை கண்டவங்களை எல்லாம் பக்கத்து டேபிள்ல உக்காந்து பாத்திருக்கேன். கேட்டுக்க.

மொத வித்தை, கை கழுவுறது. பில்லு வரப்போவுதுன்னு மூக்குல வாசனை அடிச்ச ஒடனே எந்திரிச்சிடணும். சோப்பு போட்டு, கொப்புளிச்சு, கண்ணாடியில மீசையத் தடவி, திரும்பி வர்றதுக்குள்ள கூட வந்த மச்சான் எல்லாத்தையும் முடிச்சிருப்பாரு. "அடடா, நீங்க ஏன் குடுத்தீங்க, நான் குடுக்க மாட்டனா?"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அந்த வார்த்தைக்கு ஜிஎஸ்டி கெடையாது.

ரெண்டாவது வித்தை, போன். மிச்சச் சில்லறை வர்ற நேரத்துல காதுல வச்சுக்க. "ஆங், சொல்லுங்க சார், ஒரு நிமிஷம், இங்க டவர் இல்ல"ன்னு பேசிக்கிட்டே ஒரு கையால தட்டை வழிச்சுப் பையில போட்டுட்டு நடையக் கட்டு. எதிர்முனையில ஆள் இருக்கணும்னு அவசியமில்ல.

மூணாவதுதான் கைதேர்ந்தவங்க பண்றது. குறை கண்டுபுடிக்கிறது. மூணு வாட்டி சாம்பார் கேட்டு வாங்கிக் குடிச்சுட்டு, கடைசியில "என்னப்பா, சாம்பார்ல உப்பு தூக்கலா இருக்கே"ன்னு முகத்தைச் சுளிக்கணும். அந்தச் சுளிப்புல பத்து ரூவா மிச்சம்.

ஆனா ஒண்ணு, எதிராளியான சப்ளையரும் லேசுப்பட்டவன் இல்ல. 160 ரூவா பில்லுக்கு நீ 200 ரூவா நோட்டு குடுத்தீன்னா, மிச்சம் 40 ரூவாயை ரெண்டு இருபதா கொண்டாந்து வைப்பான்னு நெனைக்கிறியா? மாட்டான். ஒரு இருபது, ஒரு பத்து, ரெண்டு அஞ்சு ரூவா காயின். சோம்பு கிண்ணத்தை ஒட்டினாப்புல பரப்பி வச்சுட்டு, அடுத்த டேபிளைத் தொடைக்கிற சாக்குல நிப்பான். உனக்கு முன்னாடி இருக்கிறது சில்லறை இல்லடா, பரீட்சைப் பேப்பரு. நீ எதை எடுக்கிற, எதை விடுற, எல்லாத்தையும் பாக்காத மாதிரியே பாத்துக்கிட்டு இருப்பான்.

இந்தப் பரீட்சை இருக்கட்டும். நான் வேற ஒரு கணக்குச் சொல்றேன், அதைக் கேளு.

சிதம்பரத்துல நம்ம சனங்களை நல்லா கவனிச்சுப் பாரு. உள்ள போயி நடராஜரைக் கும்புட்டு, தீபாராதனை தட்டு வந்தா நூறு ரூவாயை மடிச்சுப் போடுவாங்க. யோசிக்கவே மாட்டாங்க. தப்புன்னு சொல்ல வரல, அது சாமி காரியம். அதே ஆளு அரை மணி நேரம் கழிச்சு வெளிய வீதியில ஓட்டல்ல இட்லி, கொத்சு, பொங்கல், மேல ஒரு காபின்னு முடிச்சுட்டு, பில்லுத் தட்டு வந்தா மூக்குக் கண்ணாடியைத் தேடுவாரு. அந்தத் தட்டுல பெருந்தன்மை வந்துச்சு, இந்தத் தட்டுல கொள்கை வந்துடுது. நடராஜராவது ஒத்தக் கால்ல நின்னாலும் ஆடுறதுக்குன்னு நிக்கிறாரு. இந்தச் சப்ளையர் பய காலையில டிபனுக்கு நின்னவன் ராத்திரி கடை எடுத்து வைக்கிற வரைக்கும் நிக்கிறான். கடையில வேலை செய்யிறவங்களுக்கு உக்கார எடம் போட்டுக் குடுக்கணும்னு 2021ல நம்ம சட்டசபையிலயே சட்டம் கொண்டாந்தாங்க. அந்த நாற்காலியை ஓட்டல்ல எங்கயாவது பாத்தியா? பாத்தா எனக்குச் சொல்லு, நானே வந்து ஒரு வாட்டி உக்காந்து பாக்குறேன்.

வடலூருக்குப் போனாலும் இதே கதைதான். 1867 மே 23ல வள்ளலார் தருமசாலையைத் தொறந்து அடுப்பு மூட்டினாரு. இன்னிய வரைக்கும் அது அணையல. யார் வந்தாலும் சாதி கேக்காம, காசு கேக்காம சோறு போடுறாங்க. பில்லும் இல்ல, டிப்ஸும் இல்ல. அங்க சாப்புட்டுட்டு மனசு உருகி உண்டியல்ல ஐநூறு போடுறவன் உண்டு. அவனே கடலூர் வந்து எறங்கி, மஞ்சக்குப்பத்துல மீன் கொழம்போட மூக்கு முட்டத் தின்னுட்டு, எலை எடுக்கிற அம்மா மூஞ்சியைக்கூட ஏறெடுத்துப் பாக்க மாட்டான். பசிச்சவனுக்குச் சோறு போடுறவங்களை மதிக்கணும்னு வடலூர்ல கத்துக்கிட்டது குறிஞ்சிப்பாடி தாண்டுறதுக்குள்ள செரிச்சுப் போயிடுது.

என் தங்கச்சி பேரன் ஒருத்தன் நியூஜெர்சியில இருக்கான். ஆனித் திருமஞ்சனத்துக்கு வந்தான். ஓட்டல்ல சாப்புட்டு முடிச்சு நான் சட்டைப் பையில கை விட்டேன், "தாத்தா, டிப்ஸ் குடுக்காதீங்க. நீங்க குடுக்கக் குடுக்க ஓனர் சம்பளத்தை ஏத்த மாட்டாரு, சிஸ்டமே கெட்டுப்போவும்"னு தடுத்துட்டான். அடேங்கப்பா, எம்மாம் பெரிய ஞானம்! "சரிடா ராஜா, அங்க நீ எப்படி?"ன்னேன். "அங்க 18 பர்சென்ட், 20 பர்சென்ட் குடுத்தே ஆகணும் தாத்தா, இல்லேன்னா கேவலமா பாப்பாங்க"ங்கிறான். அப்புறம் அவனே சொன்னான், அந்த நாட்டு மத்திய சட்டப்படி டிப்ஸ் வாங்குற ஆளுக்கு முதலாளி மணிக்கு 2 டாலர் 13 சென்ட் குடுத்தாப் போதுமாம். 1991லேருந்து அதை ஏத்தவே இல்லையாம். மிச்சத்தை டிப்ஸ்தான் ரொப்பணுமாம். ஆக சிஸ்டம் நெசமாவே கெட்டுக் கெடக்கிற ஊர்ல இவன் வாயை மூடிக்கிட்டுக் கப்பம் கட்டுறான். இங்க வந்து சிஸ்டத்தைக் காப்பாத்துறான். அங்க வெக்கத்துக்குப் பயம், இங்க கொள்கைக்குக் காவல். நல்ல புள்ளை, நல்லா இருக்கட்டும்.

ஆனா அவன் சொன்னதுல பாதி உண்மைதான், அதையும் சொல்லிப்புடுறேன். சம்பளம் குடுக்க வேண்டியது முதலாளிதான். புதுசா ஒரு பையன் வேலைக்கு வந்து நின்னா, அவன் பீகாரோ ஒடிசாவோ பண்ருட்டியோ, கல்லாவுல உக்காந்திருக்கிறவர் என்ன சொல்றாரு? "சம்பளம் இவ்ளோதாம்பா, சாப்பாடு, தங்க எடம் உண்டு, மேல டிப்ஸ் வரும்." கவனிச்சியா? உன் சட்டைப் பையில இருக்கிற பத்து ரூவாயை உன்னைக் கேக்காமயே அவர் சம்பளக் கணக்குல எழுதிட்டாரு. கோர்ட்டு அப்படிச் சொல்லல. 1976ல ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் வழக்குல, வாடிக்கையாளர்கிட்ட வாங்கின சர்வீஸ் சார்ஜ் தொழிலாளிக்குப் போய்ச் சேர வேண்டியது, முதலாளி தன் கையிலேருந்து குடுக்கிற கூலி இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. 2016லயும் ஒரு வருமான வரி வழக்குல, டிப்ஸுங்கிறது முதலாளி குடுக்கிற சம்பளம் ஆகாதுன்னு மறுபடியும் சொல்லிச்சு. டெல்லியில அம்மாம் தெளிவா சொன்னது நம்மூரு கல்லாவுக்கு வந்து சேர இன்னும் பஸ் கெடைக்கல போலருக்கு.

அதனால சம்பளத்தைப் பத்திப் பேசணும்னா கல்லாவுல போய்ப் பேசு தம்பி. அங்க போயி "ஏங்க, ஆளுங்களுக்கு என்னா சம்பளம் தர்றீங்க?"ன்னு கேக்குற தைரியம் இருந்தா, அன்னிக்கு நீ டிப்ஸ் வைக்காம வா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கல்லாவுல பல்லைக் காட்டி ஓசியில மிட்டாய் எடுத்துக்கிட்டு, சப்ளையர்கிட்ட மட்டும் பொருளாதாரம் பேசுனா எப்புடி?

இப்ப புதுசா ஒரு சௌகரியம் வந்திருக்கு. ஜிபே, போன்பே. கட்டம் போட்ட அட்டையைப் போனால ஒரு பார்வை பாத்தா தீந்துச்சு. சில்லறையே வர்றதில்ல, பரீட்சையே இல்ல. கல்லாவுல இருக்கிற டப்பா "நூற்று அறுபது ரூபாய் பெறப்பட்டது"ன்னு ஊருக்கே கத்திச் சொல்லும். பரிமாறினவனுக்காகக் கத்துறதுக்கு ஒரு டப்பாவும் இல்ல. முன்னெல்லாம் தட்டுல மிச்சம் வந்ததால வெக்கத்துக்காவது அஞ்சு பத்து விட்டுட்டு வந்தவங்க, இப்ப "கையில கேஷே இல்லப்பா"ன்னு நெசத்தையே சொல்லிட்டுப் போறாங்க. பொய் சொல்லாம கஞ்சத்தனம் பண்ண முடியிற காலம் வந்துடுச்சு பாரு, அதுவும் ஒரு முன்னேற்றம்தான். சில பேரு டிப்ஸையும் சேத்துக் கல்லா நம்பருக்கே போடுறாங்க. அது எலை போட்டவன்கிட்ட போச்சா, இல்ல உளுந்து வாங்கப் போச்சான்னு அந்த ஆண்டவனுக்கும் ஓனருக்கும்தான் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. பாண்டிப் பக்கம் பெரிய ஓட்டலுக்குப் போனீன்னா பில்லோட அடியில பாரு. 5 பர்சென்ட் ஜிஎஸ்டி, அது அரசாங்கத்துக்கு, குடுத்துத்தான் ஆகணும். அதுக்குப் பக்கத்துல சர்வீஸ் சார்ஜ்னு ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தா அது கட்டாயமில்ல. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ல சொல்லிச்சு, ஓட்டல்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2025 மார்ச் 28ல டெல்லி ஐகோர்ட்டும் ஆணையம் சொன்னதே சரின்னுட்டுது. சர்வீஸ் சார்ஜை எடுக்க மாட்டேன்னு ஓட்டல்ல அடம் புடிச்சா நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடு. கட்டாயமாப் புடுங்கினா அது டிப்ஸ் இல்ல. ஆனா அந்தக் காசை மிச்சம் புடிச்சுட்டோம்ங்கிற சந்தோஷத்துல பரிமாறினவனையும் சேத்து மறந்துடாத. அவன் அந்த வரியை டைப் அடிக்கல.

பிச்சாவரத்துல படகு ஏறியிருக்கல்ல? நடுத் தண்ணியில, சுரபுன்னைக் காட்டுக்குள்ள குறுகின வாய்க்கால் வர்ற எடத்துல, "சார், உள்ள போலாமா, பாத்துக் குடுங்க"ன்னு துடுப்புக்காரரு கேட்டா என்னா பண்ற? எரநூறு ரூவாய்க்கு யோசிக்கிறியா? இல்ல. ஏன்னா நீ இன்னும் கரைக்கு வரல. ஆபீசுல ஃபைல் நகரணும்னா யோசிக்கிறியா? அதுவும் இல்ல. காரியம் ஆகறதுக்கு முன்னாடி குடுக்கிறதுல நம்மளை மிஞ்ச ஆள் கெடையாது. சாப்புட்டு ஏப்பம் விட்டப்புறம், இனிமே அந்த ஆளால நமக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லன்னு தெரிஞ்சப்புறம் குடுக்கிறதுலதான் கை நடுங்குது. அந்த நடுக்கத்துக்கு வைத்தியம் இருக்கான்னு தெரியல, கொள்கைன்னு பேரு வச்சிருக்காங்க.

இன்னொரு ரகம் இருக்கு, அது இதைவிடக் கூத்து. பொண்ணு பாக்க வந்த எடத்துக்காரங்களோட ஏசி ரூம்ல உக்காந்து, எல்லாரும் பாக்குற மாதிரி நூறு ரூவாயை ஆட்டி ஆட்டி, "தம்பி, வச்சுக்கப்பா"ன்னு சத்தமாச் சொல்லுவாரு. அந்த நூறு சப்ளையருக்கு இல்ல, சம்பந்திக்கு. அடுத்த வாரம் தனியா வந்தா அதே ஆளு பேப்பர் நாப்கின்ல ரெண்டு எடுத்துப் பையில வச்சுக்கிட்டுப் போவாரு. இவங்களோட ஒப்பிட்டா அண்ணாமலை யுனிவர்சிடி பசங்க எவ்வளவோ மேல். ஆறு பேரு சேந்து நாலு பரோட்டா தின்னுட்டு, டிப்ஸ் வைக்க வக்கில்லாம, "வரோம்ணே"ன்னு வாய் நெறையச் சொல்லிட்டுப் போவானுங்க. வேலை கெடைச்சப்புறம் அதே கடைக்கு வந்து "அண்ணே"ன்னு தேடிப் புடிச்சு ஐநூறைத் திணிக்கிறவனும் அதுல உண்டு.

நான் எப்படின்னு கேக்குறியா? நான் தருமவான் எல்லாம் இல்ல. உக்காந்த ஒடனேயே இருபது ரூவாயைக் கையில குடுத்துடுவேன். அப்புறம் பாரு, எனக்கு வர்ற கொத்சுல கத்திரிக்கா கண்ணுக்குத் தெரியும். இட்லி சட்டியிலேருந்து எறங்கின சூட்டோட வரும். எந்திரிக்கும்போது எலை எடுக்கிற அம்மாகிட்டயும் பத்து ரூவா. அந்தம்மாவுக்கு யாரும் குடுக்கிறதில்ல, மாவாட்டுறவருக்கும் பாத்திரம் தேய்க்கிறவங்களுக்கும் அந்தத் தட்டே வர்றதில்ல. முன்னாடியே குடுக்கிறது லஞ்சம் ஆச்சேன்னு நீ கேப்ப. கேளு. உன் இட்லி ஆறிப்போயிருக்கும், என்னுது சூடா இருக்கும், சாப்புட்டுக்கிட்டே பதில் சொல்றேன்.

சரி, நேரமாச்சு, நீ கெளம்பு. சிதம்பரத்துல சாப்புடுறதா இருந்தா கேஷ் கொஞ்சம் எடுத்துக்க. கல்லாவுல போடாத, ஜிபேல போடாத, பரிமாறினவன் கையில குடு. 10 ரூவா காயின் இருந்தாலும் பரவால்ல. ஊருல பாதி பேரு அது செல்லாதுன்னு சொல்லுவாங்க, நம்பாத. அச்சடிச்ச 14 டிசைனும் செல்லும்னு ரிசர்வ் பேங்க் 2018லயே சொல்லிடுச்சு.