தலையைத் தூக்காதீங்க டீச்சர்

போன ஞாயிறு பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் எனக்குக் கோல்ஃப் சொல்லித்தந்த ஐந்து பேருக்கும் என் மனமார்ந்த எரிச்சலைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஐவரில் ஒருவர்கூடக் கோல்ஃப் மைதானத்தை மிதித்தவரில்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மட்டக்களப்பில் மிதிப்பதற்கு மைதானம் எங்கே இருக்கிறது? பனிச்சங்கேணி, வெருகல், மூதூர், கிண்ணியா எல்லாம் தாண்டிச் சீனக்குடாவுக்குப் போனால் விமானப்படையின் மைதானம் இருக்கிறது. நமக்கு வாய்த்தது 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி. அடிக்கிற பந்தெல்லாம் மீனுக்குத்தான்.

நான் பழகியது ரொறன்ரோவில், தங்கச்சி வீட்டில் நின்ற காலத்தில். விதிப்படி ஒருவர் 14 மட்டை வரை வைத்திருக்கலாம். ஊருக்கு வரும்போது மச்சாள்மாருக்கு வாங்கிய சொக்லேட் போக, என் பெட்டியில் ஏழாம் நம்பர் அயன் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. அதைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்கு எடுத்துப் போகிறேன்.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது சிவப்பு டீயைப் பற்றி. பெண்களுக்கென்று அடிக்கத் தொடங்கும் இடத்தைக் குழிக்குக் கிட்டவாக வைத்திருக்கிறார்களே, அது சலுகையா இல்லையா என்பதில் என்னிடம் எவராலும் மறுக்க முடியாத ஒரு வாதம் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் தலை.

முதலாவதாக வந்தவர் வலை உதறிக்கொண்டிருந்த அண்ணன். "தலையத் தூக்காதீங்க டீச்சர்" என்றார். அடுத்தவர் கச்சான் விற்கும் தம்பி. கடதாசிச் சுருளை மடித்தபடியே, "டீச்சர், தலை!" மூன்றாவது ஓட்டோ தம்பி, போனில் டைகர் வூட்ஸ் வீடியோவோடு வந்தார். நான்காவது ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் மாமா. கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் களனிவெளி ரயிலில் போய்வந்தவர். அந்தத் தண்டவாளம் றோயல் கொழும்பு கோல்ஃப் மைதானத்தின் ஊடாகப் போவதால், ஜன்னலோரம் இருந்து பார்த்தே ஆட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். "நீ தலையத் தூக்கிறாய் புள்ள, அதான் பிழ." ஐந்தாமவருக்கு வயது பத்துக்கு மேல் இராது. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. அவருக்கும் என் தலைமேல்தான் கவலை.

46 கிராம்கூட இல்லாத பந்தைத் தட்டுவதற்கு இவ்வளவு மேற்பார்வை!

வயிறு எரிவது எங்கே என்றால், உலகத்துக் கோல்ஃப் வாத்திமாரும் இதையேதான் சொல்கிறார்கள்: தலையைக் குனி, அடித்து முடியும்வரை நிமிராதே. பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு இதைப் படிப்பிக்க வேணுமா? பெரியபிள்ளையாகித் தண்ணி வார்த்த அன்றைக்குக் குனி. பள்ளிக்கூடம் போகும் வழியில் சந்தியில் பொடியன்மார் நின்றால் குனி. பெண் பார்க்க வந்தால் தேத்தண்ணித் தட்டைப் பார்த்துக் குனி. சோதனைச் சாவடியில் குனி. அதிபரின் அறைக்குள் போனால் குனி, அவர் பிழை விட்டிருந்தால் இன்னும் குனி. மணவறையில் குனி. அங்கே வீடியோக்காரன் மட்டும், "தங்கச்சி, கொஞ்சம் நிமிருங்க" என்றான். என் வாழ்நாளில் என்னை நிமிரச் சொன்ன ஒரே ஆம்பிளை அவன்தான், அதுவும் மணித்தியாலக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு. பென்சன் வந்த பிறகுதான் கழுத்தை ஒழுங்காக நிமிர்த்தினேன். நிமிர்த்தி மூச்சு விடுவதற்குள் இந்த விளையாட்டு மறுபடி குனியச் சொல்கிறது.

சரி, குனிந்தே அடித்தேன். பந்து பறந்தது. பறந்ததை யார் பார்த்தது? அவர்கள் ஐந்து பேரும். "நல்லாப் போகுது டீச்சர்" என்றார் வலை அண்ணன். "சாடையா வலப்பக்கம் இழுக்குது" என்றான் கச்சான் தம்பி. பந்து என்னுடையது, மட்டை என்னுடையது, முதுகுவலியும் என்னுடையது. எங்கே போய் விழுகிறதென்று பார்க்கிற சுகம் மட்டும் ஊருக்கு.

கல்லடி ஆம்பிளைகளை மட்டும் திட்டி என்ன பலன்? விளையாட்டு பிறந்த ஸ்கொட்லாந்திலேயே 1867இல் சென் அன்றூஸ் பெண்களுக்கு உருட்டி அடிக்க மட்டும் ஒரு புல்தரை கிடைத்தது. மட்டையைத் தோளுக்கு மேலே தூக்குவது பெண்ணுக்கு அடக்கமில்லையாம். அந்தப் புல்தரைக்குப் பெயர் 'இமயமலை'. தோளுக்கு மேலே கை போகக் கூடாது, ஆனால் இமயமலையில் ஏறலாம். அதே ஊரில் 1754இல் தொடங்கிய ஆண்கள் சங்கம், பெண்களையும் சேர்ப்பதென்று முடிவு சொன்னது 2014 செப்டெம்பர் 18ஆம் திகதி. ஸ்கொட்லாந்து தனிநாடாவதா இல்லையா என்று மக்கள் வாக்களித்ததும் அதே நாள்தான். மியூர்ஃபீல்ட் கழகத்தில் 2016இல் பெண்களைச் சேர்ப்பதை எதிர்த்த ஆட்கள் சொன்ன காரணங்களில் ஆட்டத்தின் வேகமும் இருந்தது, மத்தியானச் சாப்பாட்டு ஒழுங்கும் இருந்தது. பெண்கள் வந்தால் சாப்பாடு குழம்புமாம்! நாங்கள் வராத நாளில்தான் சாப்பாடு குழம்பும் என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். பெரிய போட்டி இனி அங்கே இல்லை என்று வந்த பிறகு, 2017இல் மனம் மாறினார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வெளிநாட்டார் இதைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். வீடு எங்களிடம் போய்விட்டதால்தானோ என்னவோ, பாலம், கடற்கரை, வெபர் மைதானம் என்று வாசலுக்கு வெளியே உள்ளதையெல்லாம் ஆம்பிளைகள் உறுதி எழுதாமலே ஆள்கிறார்கள். பின்னேரம் கடற்கரையில் ஒரு பெண் நிற்கலாம். பிள்ளையைக் கூட்டி வந்திருக்க வேண்டும், அல்லது வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொல்லியிருக்க வேண்டும். சும்மா விளையாட வந்தேன் என்றால் முதலில் சிரிப்பார்கள், பிறகு சொல்லித்தருவார்கள். சிரிப்பைத் தாங்கலாம்.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் நாலாவதாக வந்தபோது, அவருக்குப் பை தூக்கியது பெற்ற தாய். பார்த்துப் பொறாமைப்பட்டேன். என் அம்மா வந்திருந்தால் மட்டையைப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு இழுத்து வந்திருப்பார்.

வரும் ஞாயிறு தொடக்கம் ஆலோசனைக்கு 500 ரூபாய் கட்டணம். தலையைப் பற்றியது என்றால் 1,000. மாமாவுக்குக் கழிவு கிடையாது.

சிவப்பு டீக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. பரவாயில்லை, பக்கத்தில் நிற்கிற எந்த ஆம்பிளையும் உங்களுக்கு அதை விளங்கப்படுத்துவார். நீங்கள் கேட்கவும் தேவையில்லை.