ஒயரைத் தவிர

தை பிறந்து வானம் தெளிந்ததும் வந்தவாசியில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் முக்காலியை நட்டுக்கொண்டு ஒருவர் நிற்பார். கல்யாண வீடியோக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். வீடியோக்காரருக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறினால் வேலை நடந்துவிடும். இவருக்கு ஓரியன் நெபுலா மேலே வர வேண்டும், கேமரா லேப்டாப்பில் பிடிபட வேண்டும். முதல் காரியம் ஒருநாளும் தவறியதில்லை.

தெருவில் அவருக்கு டெலஸ்கோப் சார் என்று பெயர். பகலில் கணக்கு வழக்கு பார்க்கும் உத்தியோகம். அங்கே ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். இரவில் முழுக்கைச் சட்டை, காலடியில் கொசுவத்தி, நெற்றியில் சிவப்பு விளக்கு. வெள்ளை விளக்கு பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும் என்பதால் சிவப்பு. முதல் தடவை பார்த்த பால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இருட்டியதும் துருவ நட்சத்திரத்தைத் தேடுவார். பூமி சுற்றுகிற வேகத்துக்கு ஈடாகத் தொலைநோக்கியைத் திருப்பும் மவுண்ட்டின் அச்சு அந்தத் திசையைப் பார்த்திருக்க வேண்டும். லண்டன்காரருக்கு அந்த நட்சத்திரம் பாதி வானத்துக்கும் மேலே நிற்கும். வந்தவாசி இருப்பது 12.5 பாகை அட்சரேகையில். தொடுவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் இங்கே துருவ நட்சத்திரம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் பத்து பாகை. அதற்கு மேல் ஒரு விரலுக்குக் கொஞ்சம் கூட. சரியாக அந்த இடத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று சார் கேட்டுப் பார்த்தார். “நீங்க நட்சத்திரத்த தள்ளி வெச்சிக்கக் கூடாதா சார்?” என்றார் அந்த வீட்டம்மா.

அதையும் ஒருவழியாகச் சமாளித்து லேப்டாப்பைத் திறப்பார். மவுண்ட் வந்துவிடும், ஃபோகஸர் வந்துவிடும். கேமரா மட்டும் இணையவில்லை என்று திரையில் ஒரு வரி நிற்கும். சாரின் சுபாவத்தை இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

சந்தேகப்படுவதில் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு: விலைப்பட்டியலின் மேலிருந்து கீழே வருவார். முதலில் கேமராவின் சென்சாரே போய்விட்டது என்பார். பிறகு லேப்டாப்பின் மதர்போர்டு. பிறகு விண்டோஸ், அது நேற்று ராத்திரி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது, அதில்தான் ஏதோ சதி. டிரைவரை அழித்து மறுபடி போடுவார். கேமராவையும் மவுண்டையும் மென்பொருளோடு பேசவைக்கும் ஆஸ்காம் என்ற இடைத்தரகரை அழித்து மறுபடி போடுவார். சூரியனில் இன்றைக்குப் புயலா என்றுகூட ஒருநாள் விசாரித்தார். கேமராவிலிருந்து லேப்டாப்புக்குப் போகிற ஒயர் மீது மட்டும் சந்தேகம் விழாது. இத்தனை பெரிய குற்றத்தைச் செய்ய அதற்குத் தகுதி இல்லை என்பது அவர் எண்ணம்.

இந்த ஊரில் 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் பிரெஞ்சுத் தளபதி லாலிக்கும் நடந்த போர் ஒரே நாளில் முடிந்துவிட்டது. சாருக்கும் கேமராவுக்கும் நடக்கும் போர் அப்படி முடிகிறதில்லை.

“மாமா, ஒயர மாத்திப் பாக்கலாமா?” என்பான் அக்கா மகன். பாலிடெக்னிக்கில் படிக்கிறவன், ஆகவே அவன் சொல் எடுபடாது. “ஒயர் நல்லாத்தான்டா இருக்குது. பாரு, ஃபேன் ஓடுது” என்பார் சார். ஃபேன் ஓடும்தான். சென்சாரைக் குளிரவைக்கும் அந்த மாதிரிக் கேமராவுக்கு 12 வோல்ட் தனியாகப் போகிறது. ஃபேன் அதில் ஓடுகிறது. படம் வரவேண்டிய பாதை வேறு. சாதாரண யூஎஸ்பி ஒயருக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி. மலிவான சார்ஜர் ஒயர் சிலவற்றில் தகவல் கம்பியே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வீட்டில் எல்லா ஒயரும் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடந்தால் எது எங்கே போகும் என்று சொல்லவும் வேண்டுமா?

சரி, நல்ல ஒயரே கிடைத்தது என்று வையுங்கள். சாருக்குக் கொசு ஆகாது. கீழே அறையில் உட்கார்ந்து திரையைப் பார்க்க ஆசைப்பட்டு, நீட்டிப்பு ஒயர் மேல் நீட்டிப்பு ஒயராகச் சேர்த்து மாடிப்படி வழியே இறக்குவார். யூஎஸ்பி 2 ஒயருக்கு விதிப்படி 5 மீட்டர்தான். 3 என்றால் சுமார் 3 மீட்டருக்கு மேல் நம்பக்கூடாது. மாடிப்படித் திருப்பத்திலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். லேப்டாப் ‘டிங்’ என்னும். சார் எழுந்து நிற்பார். ‘டொங்’ என்னும், உட்காருவார்.

அப்படியும் சில இரவுகளில் கேமரா பிடிபட்டுவிடும். நாலு படம் எடுத்ததும் விண்டோஸ், யூஎஸ்பி சும்மாதானே கிடக்கிறது என்று மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அதைத் தூங்கவைக்கும். அந்த அமைப்பை நிறுத்திவைத்தால், கேமராவைக் குளிரவைக்கும் கருவி முழு வேகத்துக்கு ஏறும் நேரம் பார்த்து இணைப்பு அறும். பேட்டரியிலிருந்து வரும் மெல்லிய, நீளமான ஒயரில் வோல்டேஜ் இறங்கிவிடுவதுதான் காரணம். பார்த்தீர்களா, மறுபடி ஒயர்தான்! இல்லையென்றால், தொலைநோக்கி குறி தவறாமல் இருக்க வழிகாட்டும் மென்பொருள் தன் சின்னக் கேமராவை விட்டுவிட்டுப் பெரிய கேமராவைப் பிடித்துவைத்திருக்கும். ஒருவர் பிடித்திருப்பதை இன்னொருவர் கேட்டால் கிடைக்காது. ஆனால் பிடித்திருப்பது இன்னார் என்று எந்த மென்பொருளும் காட்டிக்கொடுக்காது.

சாருடைய மாமனார் ஆரணிக்காரர், தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர். பொங்கலுக்கு வந்தவர் கோரைப்பாயில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “இழ அறுந்தா இழயத்தான பாக்கணும் மாப்ள? தறியப் பிரிப்பாங்களா?” என்றார். சார் மரியாதைக்குச் சிரித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றத் தொடங்கினார்.

மனம் தளர்ந்தால் காவலூரைப் பற்றிப் பேசுவார். நமக்கு ஏறத்தாழ நேர் மேற்கே, கிட்டத்தட்ட இதே அட்சரேகையில், ஜவ்வாது மலையில் இருக்கிறது அந்த வானாய்வகம். 1986 முதல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அதற்கும் முன்பு, 1977 மார்ச்சில், யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் கண் வைத்திருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திர ஒளி ஒரு கணம் மங்கியது பதிவானது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது அந்த இரவின் பதிவுகளிலிருந்துதான். “நம்ம மாவட்டத்துக்குப் பக்கத்துலயே நடந்துதுடா!” என்று சாருக்குத் தொண்டை கம்மும். “அங்க ஒயர் சரியா இருந்திருக்கும் மாமா” என்பான் பையன்.

கடைசியில் கேமரா இணைவது பெரும்பாலும் பின்னிரவு மூன்று மணிக்கு. எப்படி இணைந்தது என்று சாருக்குத் தெரியாது. எரிச்சலில் எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட்டுப் பையனை மாட்டச் சொல்லியிருப்பார். அவன் டப்பாவிலிருந்து வேறு ஒயரை எடுத்து மாட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பான். ஓரியன் அதற்குள் மேற்கே இறங்கிவிடும். ஆனால் நம் ஊருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. லண்டன்காரர் தன் ஊரில் இருந்தபடி ஒருநாளும் பார்க்க முடியாத ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து, மாசி மாதத்து அந்த நேரத்தில் தெற்கே 30 பாகை உயரத்தில் நிற்கும். சார் மளமளவென்று எடுப்பார். விடிகிற வரை அவர் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தை நான் கேலி செய்ய மாட்டேன்.

“இன்னாங்க, டீ ஆறுது!” என்று கீழேயிருந்து குரல் வரும்போது படம் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருக்கும். “சூப்பர் மாமா”, “குட் மார்னிங்”, “ஸ்கிரீன்ல இன்னா புள்ளி புள்ளியா இருக்குது, கழுவக் கூடாதா?” என்று பதில்கள் வரும். சார் எல்லாவற்றுக்கும் கைகூப்பும் பொம்மை அனுப்புவார். என்ன கோளாறு என்று யாராவது கேட்டால், “டிரைவர்தான், மறுபடி போட்டதும் சரியாயிடுச்சு” என்பார். கழற்றிய பழைய ஒயரை அழகாகச் சுருட்டி அதே பிஸ்கட் டப்பாவில் போடுவார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருந்தால், அமாவாசையை ஒட்டிய இரவுகளில் மாடி விளக்கை அணைத்துவையுங்கள். ஒயரைப் பற்றி அவரிடம் எதுவும் பேச வேண்டாம். கடையில் டேட்டா கேபிள் என்றே கேட்டு, இரண்டு மீட்டருக்கு மிகாததாக ஒன்று வாங்கி, அவர் வீட்டுப் பையனிடம் கொடுத்துவிடுங்கள்.