நிமிடத்துக்கு 160 சுற்று

திருச்சி சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் ஊர் உளுந்தூர்பேட்டை. சுங்கச்சாவடியில் நின்ற நேரத்தைப் பிடிக்கிறோம் என்று அங்கே எல்லா வண்டியும் பறக்கும். அப்பேர்ப்பட்ட ஊரில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், ஒரு பெட்டியின் வேகத்தைச் சரிசெய்ய ஸ்குரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்.

பெட்டி, எடிசன் கம்பெனியின் போனோகிராஃப். தட்டு சுழலும் கிராமபோன் அல்ல, அதற்கும் மூத்தது. காபி டம்ளர் அளவுள்ள மெழுகு உருளையைச் செருகி, சாவி கொடுத்து, ஒலிப்பெட்டியை இறக்கினால் இரண்டு நிமிடம் பாடும். நம்மூர் வித்வான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் அங்கே மங்களம் பாடி முடிந்துவிடும்.

வேகம் எவ்வளவு என்று பெட்டியில் எழுதியிருக்காது. எடிசன் 1877-ல் கண்டுபிடித்த கருவியைக் கையாலேயே சுற்றினார்கள். சுற்றியவர் கைவாக்கில் பாட்டு வேகமெடுத்தது. 1890-களின் மெழுகு உருளைகளில் 120 சுற்றிலும் பதிந்தார்கள், 144-லும் பதிந்தார்கள். 1902 வாக்கில் அச்சில் வார்த்த உருளைகள் வந்த பிறகுதான் நிமிடத்துக்கு 160 என்பது நிலைத்தது. 1908-ல் நான்கு நிமிட உருளை வந்தபோது வேகத்தைத் தொடவில்லை. அங்குலத்துக்கு 100 ஆக இருந்த வரிப்பள்ளங்களை 200 ஆக நெருக்கிவிட்டார்கள்.

வேகத்தைப் பிடித்து வைப்பது கவர்னர். மெல்லிய பட்டை ஸ்பிரிங்குகளில் குண்டுகள் கட்டியிருக்கும். சுழலச் சுழல அவை வெளியே விரிந்து ஒரு சிறு தட்டை இழுக்கும். அது தோல் துண்டில் உரசியதும் வேகம் அடங்கும். திருகாணியைத் திருகித் தோலைத் தட்டுக்கு நெருக்கினால் மெதுவாகும், விலக்கினால் ஓடும். தோல் காய்ந்தால் கீச்சிடும். பழைய கிரீஸ் இறுகியிருந்தால் திருகாணியை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடவேண்டும். மோட்டாரையும் உருளையையும் இணைக்கும் தோல்வார் தொய்ந்திருந்தால் சுருதியும் தொய்யும்.

அளப்பதற்கு ஒரு காகிதத் துண்டு போதும். உருளையின் ஓரத்தில் அதைச் செருகி, பெட்டி பாடும்போதே எண்ணவேண்டும். ஊசி உரசாமல் வெறுமனே ஓடும் உருளை பொய்க்கணக்கு சொல்லும். 15 வினாடிக்கு 40 சுற்று. ஆனால் வாத்தியாருக்கு இருபதைத் தாண்டியதும் காகிதம் எது, எண் எது என்று குழம்பிவிடுகிறது.

வாய்ப்பாட்டு படித்த மனைவி சமையலறையிலிருந்தே வழி சொன்னார்: “என்னங்க, நாப்பதுன்னா அஞ்சு ஆவர்த்தனம். ஆதி தாளம் போடுங்களேன்.” கணக்கு சரிதான்; 3 வினாடிக்கு 8 சுற்று, அதாவது 8 அட்சரம். போட்டுப் பார்த்தார். மூன்றாவது ஆவர்த்தனத்தில் விரல் சுண்டுவிரலைத் தேடிக்கொண்டிருந்தது. காகிதம் நான்காவதில் இருந்தது.

வேகம் பிசகினால் என்ன கெட்டுப்போகும்? 120-ல் பதிந்ததை 160-ல் ஓட்டினால் விகிதம் மூன்றுக்கு நான்கு. சங்கீதக் கணக்கில் ஸட்ஜம் அப்படியே சுத்த மத்யமத்துக்கு ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடிய பாகவதர் நாலு கட்டையில் பாடுவார். எல்லா ஸ்வரமும் சேர்ந்தே ஏறுவதால் ராகம் மாறாது. பாகவதர்தான் பாகவதரின் தங்கை ஆகிவிடுவார்.

நம் நாட்டிலும் உருளை ஓடியிருக்கிறது. ‘குந்தலீன்’ தலைமுடித் தைலம் விற்ற கல்கத்தாவின் எச். போஸ், ரவீந்திரநாத் தாகூரின் குரலை உருளையில் பதிந்தார். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், 1901-ல் தொடங்கிய இனவரைவியல் ஆய்வின்போது பழங்குடிகளின் பாடல்களை போனோகிராஃபில் பதிந்தார். பெர்லின் ஒலிக்காப்பகத்தார் இன்னும் உஷார். பதிவு தொடங்கும்போதே சுருதிக்குழல் ஒன்றை ஊதவேண்டும் என்றார்கள். பிற்பாடு கேட்பவர் அந்த ஊதலை வைத்து வேகத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி காலத்து கிராமபோன் தட்டுகளுக்கு அந்த உதவிகூடக் கிடையாது. 78 என்பது பின்னால் வந்த பொதுப்பெயர். அவர்கள் காலத்துத் தட்டுகளின் வேகம் கம்பெனிக்குக் கம்பெனி, பதிவுக்குப் பதிவு மாறும்.

அடுத்து, டியூப் லைட் வைத்தியம். சோக் வைத்த பழைய டியூப் லைட் நம் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை மினுக்கும். அந்த வெளிச்சத்தில், கோடு போட்ட காகிதத்தை உருளையில் சுற்றி ஓட்டினால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் நின்றதுபோலத் தெரியும். அமெரிக்காவில் வினாடிக்கு 120 மினுக்கு என்பதால் 45 கோடு போதும். நமக்கு வகுத்தால் வருவது 37½. அரைக் கோட்டை எங்கே போடுவது? வாத்தியார் அசரவில்லை. இரண்டால் பெருக்கி 75 கோடு போட்டார். ஒவ்வொரு மினுக்குக்கும் இரண்டு கோடு நகர்ந்தாலும் கண்ணுக்கு நின்றதுபோலத்தான் இருக்கும். கோடுகளும் நின்றன. கூடவே உருளையும் விளக்கும் சேர்ந்து நின்றன. மின்வெட்டு என்றார் மனைவி. சாவி கொடுத்து ஓடுகிற பெட்டி மின்வெட்டில் ஏன் நிற்கவேண்டும் என்று வாத்தியார் இருட்டில் யோசித்தார், ஸ்பிரிங் தீர்ந்திருந்தது.

கடைசியில் தீர்ப்பு சொன்னது சுருதிப் பெட்டி. அவரிடமிருந்த உருளை அமெரிக்க பேண்டு வாத்தியம். பித்தளை வாத்தியக்காரர்களுக்குப் பழகிய சுருதிகள் பி ஃப்ளாட்டும் இ ஃப்ளாட்டும். நம் கணக்கில் 6½ கட்டை, 2½ கட்டை. மனைவி 6½-ல் வைத்துக் கண்ணை மூடினார். “இன்னும் கொஞ்சம் ஏத்துங்க… ஐயோ, இறக்குங்க… நிறுத்துங்க, அங்கதான்!” காகிதத்தை வைத்து எண்ணினால் 160-ஐ ஒட்டி வந்தது.

இந்த வெற்றியைச் சென்னையில் இருக்கும் மகனுக்கு நீண்டதொரு வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினார். மகன் அதை இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தான். இரட்டை வேகத்திலும் அப்பா குரலின் கட்டை ஏறவில்லை என்று அவன் சொன்னதும், அதற்கு எங்கே திருகாணி வைத்திருக்கிறார்கள் என்று வாத்தியார் கேட்டார்.