பட்டறையில் பாதி, பாடத்தில் பாதி

மைசூரைச் சுற்றி ஹெப்பாள், ஹூட்டகள்ளி, கூர்கள்ளி, நஞ்சன்கூடு என்று தொழிற்பேட்டைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அங்கே அப்ரண்டிஸாக இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் கேட்ட கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். வந்த நாளிலிருந்து ஒரு இரும்புத் துண்டையும் ஒரு அரத்தையும் கொடுத்துத் தேய்க்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் சிஎன்சி மெஷின் பளபளவென்று நிற்கிறது. எனக்கு எப்போது விடியும்?
(ஹெப்பாள் வாசகர்)

பதில்: மெஷின் அங்கேயேதான் இருக்கும் தம்பி. முதலில் அந்தத் துண்டைக் கையில் எடுங்கள். மேலே ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கசிந்து நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? துண்டின் நடு மேடாக இருக்கிறது. உங்கள் அரம் நேராகப் போகாமல் ஊஞ்சல் ஆடுகிறது. தள்ள ஆரம்பிக்கும்போது இடக்கையின் அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும், பாதி வழியில் இரண்டு கையும் சமம், முடிக்கும்போது வலக்கை. வைஸ் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தாழ்ந்திருந்தால் சாயங்காலம் இடுப்பு சொல்லிவிடும்.

அடுத்து, சர்ஃபேஸ் பிளேட்டில் பிரஷ்யன் நீலத்தை மெல்லிசாகத் தடவி, துண்டை அதன்மேல் வைத்து நகர்த்துங்கள். மேடான இடம் மட்டும் நீலம் பூசிக்கொண்டு வரும். அங்கே மட்டும் தேய்க்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் ஒரு நாள் நீலம் முகம் முழுக்கப் பரவி வரும். அன்றைக்குப் பக்கத்தில் நிற்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் உங்களால் இருக்க முடியாது.

வெர்னியர் 0.02 மி.மீ. வரை காட்டும். தலைமுடியின் தடிமனே அதைவிடப் பெரிது. டிராயிங்கில் அந்த எண்ணைப் பார்த்ததும் விரல் நுனியில் அது எவ்வளவு என்று தெரிகிற ஆளாக நீங்கள் சிஎன்சி முன்னால் நிற்க வேண்டும். அப்போதுதான் மெஷின் தப்பு செய்தால் உங்களுக்குத் தெரியும். பிசிறு எடுக்காத துண்டை மட்டும் யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள், ரத்தம் வரும்.

கேள்வி: மகன் மைசூரில் அப்ரண்டிஸ். 'வேலைக்குப் போகிறானா, படிக்கிறானா?' என்று சொந்தக்காரர்கள் துளைக்கிறார்கள். என்ன சொல்வது?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: 'நாமெல்லாம் பணம் கட்டிப் படித்தோம், இவன் பணம் வாங்கிக்கொண்டு படிக்கிறான்' என்று சொல்லுங்கள் ஐயா, வாய் அடங்கும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1961ஆம் வருடத்து அப்ரண்டிஸ் சட்டப்படி உங்கள் மகன் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி அல்ல. முதலில் ஐடிஐ வகைத் தொழில்களுக்கு என்று வந்த சட்டம், 1973இல் திருத்தப்பட்டு டிப்ளமோ, பட்டப் படிப்புக்காரர்களையும் சேர்த்துக்கொண்டது. தென் மாநிலங்களில் அவர்கள் விவகாரத்தைக் கவனிப்பது சென்னை தரமணியில் இருக்கும் பயிற்சி வாரியம். மைசூர் பிள்ளைகளுக்கும் அதுதான்.

கேள்வி: மாதம் எவ்வளவு கிடைக்க வேண்டும்? கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கணக்கு சொல்கிறார்கள்.
(கூர்கள்ளி வாசகர்)

பதில்: 2019இல் திருத்திய விதிப்படி குறைந்தபட்ச ஸ்டைபண்ட், ஐடிஐ முடித்தவருக்கு 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இதை 36 சதவீதம் உயர்த்தச் சொல்லி மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. ஆகவே சேருகிற அன்று நடப்பில் உள்ள விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதலாகக் கொடுக்கத் தடையில்லை, குறைக்கத்தான் கூடாது. அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். பி.எஃப். பிடிக்க மாட்டார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. உங்கள் ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகியிருக்கிறதா? 'டிரெய்னி' என்று அடையாள அட்டை மாட்டிவிட்டு ஒப்பந்தமே போடாமல் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. ஒப்பந்தம் இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அப்ரண்டிஸே அல்ல. வருடக் கடைசியில் சான்றிதழும் வராது. முதல் வாரத்திலேயே பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்பதற்குத் தயங்கினால் இழப்பு ஒரு வருடம்.

கேள்வி: பி.இ. முடித்தும் அப்ரண்டிஸ். கூடப் படித்தவன் மைசூர் இன்ஃபோசிஸ் வளாகத்தில் ஏசியில் உட்கார்ந்திருக்கிறான். நான் எண்ணெய்க் கறையோடு பஸ் ஏறுகிறேன். கூச்சமாக இருக்கிறது.
(விஜயநகர் வாசகர், மைசூர்)

பதில்: அவரும் பயிற்சியில்தான் இருக்கிறார், உங்கள் சட்டையில் அது தெரிகிறது, அவ்வளவுதான். அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்துவிட்டு நேராகப் போனது பெங்களூரு எச்.ஏ.எல்.லுக்கு, பயிற்சியாளராக. அங்கே விமான எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் பிரிவில் வேலை பார்த்தார். கறைக்குச் சலவை சோப்பு போதும். கூச்சத்தை இந்த வாரத்தோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: எட்டு மாதமாக ஒரே மெஷினில் நிற்கிறேன். பாகத்தை வை, பட்டனை அழுத்து, எடு. இதில் கற்க என்ன இருக்கிறது? கேட்டால் 'புரொடக்‌ஷன் முக்கியம்' என்கிறார்கள்.
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. எனக்கும் படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. பொத்தானை அழுத்தப் பழக இரண்டு நாள் போதும். மீதி மாதங்களில் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது மலிவான உழைப்பு. தொழிலாளிக்குரிய சம்பளமும் இல்லை, மாணவனுக்குரிய பாடமும் இல்லை என்றால் பிறகு எதற்காக அங்கே நிற்க வேண்டும்?

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. எடுத்தால் போதாது. பாடத்திட்டப்படி பயிற்சி தருவதும், அதற்குத் தகுதியான ஒருவரைப் பொறுப்பில் வைப்பதும், உங்கள் முன்னேற்றத்தைப் பதிவு செய்வதும் நிறுவனத்தின் கடமை. அரசின் அப்ரண்டிஸ்ஷிப் அட்வைசர் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கவும் கூடாது.

செய்ய வேண்டியது இது. லாக் புக்கில் நாள்தோறும் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். 'அதே மெஷின், அதே பாகம்' என்றால் அப்படியே எழுதி வாராவாரம் கையெழுத்து வாங்குங்கள். சண்டைக்குப் போகிற குரல் வேண்டாம். பாடத்திட்டத்தின் நகலை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம், 'சார், இதில் கிரைண்டிங்கும் இன்ஸ்பெக்‌ஷனும் பாக்கி இருக்கிறது, எப்போது அனுப்புவீர்கள்?' என்று தேதி கேளுங்கள். பிறகு பயிற்சி அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் டிப்ளமோ, பட்டதாரிகள் சென்னை வாரியத்துக்கும், ஐடிஐ பிள்ளைகள் கர்நாடக அரசின் அப்ரண்டிஸ்ஷிப் அட்வைசருக்கும் எழுதலாம். ஒப்பந்தத் தகராறைத் தீர்க்கும் அதிகாரம் அட்வைசருக்கு உண்டு. பெயர் வெளியே வருமே என்ற பயம் புரிகிறது. அதனால் ஒரே பிரிவில் மாட்டிக்கொண்ட நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

அதுவரை அந்த மெஷினையும் சும்மா விடாதீர்கள். டூல் எத்தனை பாகத்துக்கு ஒருமுறை மழுங்குகிறது, அளவு எந்த நேரத்தில் நழுவுகிறது என்று குறித்து வையுங்கள். ஆபரேட்டரிடம் காரணம் கேளுங்கள்.

கேள்வி: கோவையில் சாண்ட்விச் டிப்ளமோ. ஆறு மாதப் பயிற்சிக்கு மைசூர் வந்திருக்கிறேன். ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்தால் புத்தகத்தைத் திறந்ததும் தூக்கம். திரும்பிப் போனதும் பரீட்சை!
(மேட்டகள்ளி வாசகர்)

பதில்: ராத்திரிப் படிப்பை நம்பாதீர்கள், உடம்பு ஒத்துழைக்காது. பாடத்தைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வெட்டு வேகம் என்று ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்திருப்பீர்கள். 50 மி.மீ. விட்டமுள்ள மைல்டு ஸ்டீலை ஹெச்.எஸ்.எஸ். டூலால் கடைய நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுழற்சி 190 சொச்சம் வரும். மறுநாள் லேத் பக்கம் போய், டர்னர் அண்ணன் எந்த வேகத்தில் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். ரொம்பத் தள்ளியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்லும் காரணம் புத்தகத்தில் இருக்காது, பரீட்சையிலும் மறக்காது. ஒரு நாளைக்கு ஒரு சூத்திரம், சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம். ஞாயிறு காலை மட்டும் மேசை.

ஜெர்மனியில் தொழில் பழகும் பிள்ளை வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளிக்குப் போவது ஏற்பாட்டிலேயே இருக்கிறது. படிக்கும் நாளை உழைக்கும் நாளிலிருந்து பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கோவை பி.எஸ்.ஜி.யின் சாண்ட்விச் படிப்பும், மைசூரிலும் கிளை உள்ள அரசு டூல் ரூம் பயிற்சி மையத்தின் நான்காண்டு டிப்ளமோவும் (கடைசி ஆண்டு முழுக்கத் தொழிற்சாலையில்) நம் ஊர் நல்ல முயற்சிகள். ஆனாலும் ஷிஃப்டுக்குள்ளேயே வாரம் ஒரு நாள் வகுப்பு என்பது எல்லா அப்ரண்டிஸுக்கும் கிடைக்க வேண்டும். தூக்கத்தைத் திருடித்தான் படிக்க வேண்டும் என்ற நிலைமை ஒரு பத்தொன்பது வயசுப் பிள்ளைக்கு நாம் செய்யும் அநியாயம்.

கேள்வி: கன்னடம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?
(கடகொளா வாசகர்)

பதில்: சமாளிக்கலாம், கற்க முடியாது. மெஷினின் ரகசியம் தெரிந்தவர் முப்பது வருடம் அங்கே நின்ற மூத்த ஆபரேட்டர். அவர் அதைக் கன்னடத்தில்தான் சொல்லுவார். காலையில் 'திண்டி ஆய்த்தா?', மத்தியானம் 'ஊட்டா ஆய்த்தா?', புரியாத இடத்தில் 'இன்னொந்து சல தோர்சி' (இன்னொரு தடவை காட்டுங்கள்). இந்த மூன்றோடு ஆரம்பியுங்கள். மூன்றாவதுதான் தங்கம்.

கேள்வி: எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். 'உனக்கு லேத் வேண்டாம்மா, ரெஜிஸ்டர் எழுது' என்கிறார்கள். அக்கறையா, ஒதுக்கலா?
(நஞ்சன்கூடு வாசகி)

பதில்: அக்கறையாகவே இருந்தாலும் விளைவு ஒதுக்கல்தான். ரெஜிஸ்டர் எழுத உங்களுக்கு டிப்ளமோ தேவையில்லை. 'எனக்கும் அதே பாடத்திட்டம், அதே தேர்வு' என்று நேராகச் சொல்லுங்கள் தங்கச்சி. பின்னலைத் தொப்பிக்குள் சுருட்டி, வளையலைக் கழற்றி, துப்பட்டா இல்லாமல் மெஷினுக்குப் போங்கள். சுழலும் லேத், டிரில் பக்கத்தில் கையுறையும் கூடாது. துணியைப் பிடித்தால் அது கையோடு இழுக்கும். இது ஆண்களுக்கும்தான், அவர்கள்தான் அதிகம் மறக்கிறார்கள். தொழிலாளிக்குரிய பாதுகாப்பு விதிகள் எல்லாம் அப்ரண்டிஸுக்கும் பொருந்தும். பயிற்சியின்போது அடிபட்டால் இழப்பீடு தருவது நிறுவனத்தின் பொறுப்பு.

கேள்வி: முடித்தால் வேலை நிச்சயமா?
(ஓசூர் வாசகர்)

பதில்: இல்லை. பயிற்சி கொடுத்த நிறுவனம் வேலையும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2014 திருத்தத்தின்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் அப்ரண்டிஸ்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும், அதைக் கேட்டுப் பாருங்கள். மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை என்று உச்ச நீதிமன்றம் 1995இல், உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் சொன்னது. ரயில்வேயில் படித்து முடித்த அப்ரண்டிஸ்களுக்கு லெவல்-1 பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. 1924 முதல் இயங்கும் மைசூர் அசோகபுரம் ரயில்வே பட்டறைக்கு அப்ரண்டிஸ் எடுக்கும் தென்மேற்கு ரயில்வே, எழுத்துத் தேர்வு வைக்காமல் பத்தாம் வகுப்பு, ஐடிஐ மதிப்பெண்ணை வைத்தே தேர்ந்தெடுக்கிறது. அறிவிப்பு வரும்போது தவறவிடாதீர்கள்.

கேள்வி: ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வரமாட்டானாம். 'என் மெஷினுக்கு நான்தான் பூஜை போடணும்' என்கிறான். பெற்றவளைவிட லேத் பெரிதா?
(சத்தியமங்கலத்திலிருந்து ஒரு அம்மா)

பதில்: பொறாமைப்படாதீர்கள் அம்மா, சந்தோஷப்படுங்கள். ஒரு பிள்ளை 'என் மெஷின்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால் அவனுக்குத் தொழில் பிடித்துவிட்டது. முந்தின நாள் இரும்புச் சுருளையெல்லாம் கூட்டி, பழைய கிரீஸைத் துடைத்து, கைடுவேக்களில் புது எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். வருடத்திலேயே மெஷினை முழுசாக ஒருமுறை தொட்டுப் பார்க்கிற நாள் அது. நீங்களே கிளம்பிப் போங்கள். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவும் பகலில்தான் அழகு, காலை பஸ்ஸைப் பிடியுங்கள். மறுநாள் விஜயதசமி, ஜம்பு சவாரியையும் பார்த்துவிடலாம். தசரா வாரத்தில் மைசூரில் லாட்ஜ் கிடைப்பது கஷ்டம். தங்க இடம் பார்த்து வைக்கச் சொல்லி மகனுக்கு இன்றைக்கே போன் போடுங்கள்.